தொட்டிக்கரி டிரம்முக்கு எந்த வினைவேகக் கணக்கு?

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில், என் தாய்மாமாவுக்கு ஒரு தேங்காய்க் களம் உண்டு. மாவட்டம் பாலக்காடு. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருந்தாலும் வீட்டிலும் களத்திலும் பேச்சு தமிழ்தான். கொப்பரை எடுத்த பின் மிஞ்சும் ஓட்டை நாங்கள் தொட்டி என்போம், பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் போனால் அதுவே சிரட்டை. இத்தனை வருஷமாகத் தொட்டியை அப்படியே லாரிக்கு ஏற்றிவிட்டவர், இப்போது தானே கரியாக்கி விற்க நினைக்கிறார். குழியில் போட்டுச் சுட்டுத் தண்ணீர் ஊற்றி அணைக்கும் பழைய முறை வேண்டாம் என்பதில் அவர் உறுதியாக இருக்கிறார். அந்தக் கழிவுநீர் இறங்கிக் கிணறு கெட்ட கதைகள் எல்லைக்கு இரண்டு பக்கமும் உண்டு. அவர் கிணறு களத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் மூடிய டிரம் வைத்து, வரும் புகையைக் குழாய் வழியே கீழே இறக்கி, அதே அடுப்பில் எரித்துவிடும் ஏற்பாடு.

கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவன் என்பதால் என்னைக் கேட்டார்: "மாப்ளே, பொகை எப்பத் தொடங்கும், எப்ப உச்சத்துக்கு வரும், எப்ப நிக்கும்? அதச் சொல்லு, பர்னரை அதுக்குத் தக்கன போட்டுக்கலாம்." அப்புறம் கிளம்பும்போது, "நூறு கிலோ போட்டா எத்தனை கிலோ கரி நிக்கும்னும் சொல்லிரு" என்றார். மூன்று டன் தொட்டிக்கு ஏறக்குறைய ஒரு டன் கரி என்பது களத்துக் கணக்கு. அது கூடுமா, குறையுமா என்பதுதான் அவருடைய லாபம்.

இரண்டும் ஒரே கேள்விபோலத் தெரியும். முதல் கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்லும் கணக்கு, இரண்டாவதற்கு வாயே திறக்காது. உயிர்ப்பொருள் காற்றில்லாமல் சூட்டில் உடைவதற்கு, அதாவது வெப்பச்சிதைவுக்கு, எந்த வினைவேக மாதிரியை (எந்தச் சூட்டில் எவ்வளவு வேகமாக உடையும் என்று சொல்லும் கணக்கை) எடுப்பது என்று நான் ஒப்பிட்டுப் பார்த்தது இந்த இரண்டு கேள்விகளையும் முன்னால் வைத்துத்தான்.

தூளில் தெரிவது

தொட்டியில் மூன்று பெரிய பங்காளிகள்: ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின். ஹெமிசெல்லுலோஸ் 220 முதல் 315 டிகிரி வாக்கில் உடையும். செல்லுலோஸ் 315 முதல் 400 வரை. லிக்னின் 160-லேயே மெல்லத் தொடங்கி 900 வரை இழுத்துக்கொண்டே போகும்.

டிஜிஏ என்னும், சூடேற்றிக்கொண்டே எடையை அளக்கும் கருவியில் பத்து மில்லிகிராம் அளவு தூளை வைத்து, நைட்ரஜனை ஓடவிட்டு, நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சூடேற்றினால் எடை குறைவது கோடாக வரும். அந்தக் கோட்டின் சரிவை வரைந்தால் தொட்டிக்கு இரண்டு முகடுகள் தெளிவாகத் தெரியும். 300-ஐ ஒட்டி ஒன்று, 350-ஐ ஒட்டி ஒன்று. பின்னால் நீண்ட வால். முதல் முகடு ஹெமிசெல்லுலோஸ், இரண்டாவது செல்லுலோஸ், வால் லிக்னின். பல மரங்களில் முதல் முகடு இரண்டாவதின் தோளாகத்தான் தெரியும். தொட்டியில் அது தனித்து நிற்பது நமக்கு வசதி.

ஒற்றை வினை: எளிது, ஆனால்

எல்லாரும் முதலில் எடுப்பது இதைத்தான். தொட்டி மொத்தமும் ஒரே பொருள், அது ஒரே வினையில் உடைகிறது என்று வைத்துக்கொண்டு சூடு ஏற ஏற வினைவேகம் எப்படிக் கூடும் என்று சொல்லும் அர்ரீனியஸ் சமன்பாட்டைப் போடுவது. இரண்டே எண்கள் போதும்: கிளர்வு ஆற்றலும் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) முன்காரணியும் (அதோடு சேர்ந்து வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கெண்). எக்செல்லிலேயே முடிந்துவிடும். சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு ஓட்டம் எடுத்து, அதற்குக் கோடு பொருத்தி, "ஒத்துப்போகும் அளவு 0.99" என்று முடிக்கும் அறிக்கைகளை எத்தனையோ பார்த்திருக்கிறேன். இதில் என்ன கோளாறு என்று எண்ணை வைத்தே காட்டுகிறேன்.

நிமிடத்துக்கு 10 டிகிரி சூடேற்றத்தில் முகடு 350-இல் வருகிறது என்று வைப்போம். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 100 கிலோஜூல், முன்காரணி வினாடிக்கு 1.25 × 10⁶ என்றாலும் முகடு அங்கேதான் வரும். 200 கிலோஜூல், 6.1 × 10¹⁴ என்றாலும் அதே இடத்தில்தான் வரும். ஒன்று கூடினால் இன்னொன்றும் கூடி ஈடுகட்டிவிடும். இதற்கு ஈடுகட்டும் விளைவு என்றே பெயர்.

இப்போது அதே இரண்டு ஜோடியையும் நம் டிரம்முக்குக் கொண்டுவருவோம். டிரம் நிமிடத்துக்கு 2 டிகிரி என்று மெல்லச் சூடேறினால், முதல் ஜோடி முகட்டை 306 டிகிரியில் சொல்லும். இரண்டாவது 326 என்னும். புகை உச்சத்துக்கு வரும் நேரத்தில் பத்து நிமிட வித்தியாசம். சரி, அது பரவாயில்லை என்று விடலாம். 300 டிகிரியில் நிறுத்திவைத்து 90 சதவீதம் முடிய எவ்வளவு நேரம் என்று கேட்டால், முதலாவது 40 நிமிடம் என்கிறது, இரண்டாவது 1 மணி 48 நிமிடம் என்கிறது. டிரம்மின் நடுவில் சூடு சரியாகப் போகாமல் 250-இல் தேங்கிய இடம் ஒன்று இருந்தால்? முதலாவது 5 மணி நேரம் என்னும். இரண்டாவது ஏறக்குறைய 100 மணி நேரம். சோதனைக்கூடத்தில் ஒரே முகட்டைக் காட்டிய இரண்டு கணக்குகள் களத்தில் இருபது மடங்கு விலகி நிற்கின்றன.

முகட்டின் அகலத்தைப் பார்த்து எது சரி என்று சொல்லலாமே என்று கேட்கலாம். நல்ல கேள்வி, சிக்கலே அங்கேதான் இருக்கிறது. முதல்படி வினையில், அதாவது மிஞ்சியிருக்கும் அளவுக்கு ஏற்ற வேகத்தில் நடக்கும் வினையில், முகட்டின் அகலம் கிளர்வு ஆற்றலுக்கு நேர்மாறு. 350 டிகிரியில் 100 கிலோஜூலுக்குப் பாதி உயர அகலம் சுமார் 79 டிகிரி, 200-க்கு சுமார் 40. தொட்டியின் கோடு அகலமாக இருப்பது மூன்று பொருள்கள் அடுத்தடுத்து உடைவதால். ஒற்றை வினைக் கணக்குக்கு அது தெரியாது. அகலத்தைப் பார்த்ததும் "ஆற்றல் குறைவு" என்று எடுத்துக்கொள்ளும். அறிக்கைகளில் 60, 70 என்று வரும் சின்ன எண்களில் பல இப்படி வந்தவைதான். அந்த எண்ணை வைத்து டிரம்மை வடிவமைத்தால், குறைந்த சூட்டிலேயே எல்லாம் வெந்துவிடும் என்று கணக்கு நம்மை நம்பவைக்கும். பிறகு மூடியைத் திறந்தால் நடுவில் பழுப்பாக அரைவேக்காட்டுத் தொட்டி கிடக்கும்.

வினை மாதிரி எதுவும் வைக்காமலே பார்ப்பது

இந்தப் பொறியிலிருந்து தப்ப ஒரு வழி, ஒரே சூடேற்ற வேகத்தை நம்பாமல் நான்கைந்து வேகங்களில் ஓட்டுவது. நிமிடத்துக்கு 2, 5, 10, 20 டிகிரி என்று எடுத்து, ஒவ்வொன்றிலும் 10 சதவீதம் சிதைந்த வெப்பநிலை என்ன, 20 சதவீதம் சிதைந்தது எங்கே என்று குறித்து, அந்தந்த அளவுக்குத் தனித்தனியாகக் கிளர்வு ஆற்றலைக் கண்டுபிடிப்பது. வினை எப்படி நடக்கிறது என்று முன்கூட்டியே எதையும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. ஃப்ரீட்மன் 1964-லும், ஒசாவா 1965-லும், ஃப்ளின்னும் வாலும் 1966-லும் கொடுத்த முறைகள் இந்த வகை. வெப்பப் பகுப்பாய்வுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் குறைந்தது மூன்று வேகங்களாவது வேண்டும் என்கின்றன.

எனக்கு இந்த முறைமேல் மதிப்பு அதிகம். ஆற்றல் தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே அளவில் வந்தால் ஒற்றை வினையே போதும் என்று தெரியும். சிதைவு கூடக்கூட ஆற்றல் மாறினால், உள்ளே ஒன்றுக்கு மேற்பட்ட வினைகள் இருப்பதை அது மறைக்காமல் சொல்லிவிடும். ஆனால் இது நோயைக் கண்டுபிடிக்கும், மருந்து தராது. எத்தனை பங்கு கரியாகும், எவ்வளவு தார், எவ்வளவு வாயு என்று இதனிடம் கேட்க முடியாது. முடிவில் நிற்கும் கரியின் எடையை நாமே கொடுத்து, அதை வைத்துத்தான் "எத்தனை சதவீதம் சிதைந்தது" என்பதையே இது கணக்கிடுகிறது.

இன்னொன்று, 20-க்கு மேல் வேகம் கூட்டினால் தூளின் உண்மையான சூடும் கருவி காட்டும் சூடும் விலகத் தொடங்கும். செல்லுலோஸ் உடையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் தூள் தானே குளிர்ந்து, கருவி காட்டுவதைவிடக் கீழே நிற்கும். பத்து மில்லிகிராமுக்குப் பதில் ஐம்பது வைத்தால் இன்னும் மோசம். சோதனைக்கூடத்தில் கொடுத்துச் செய்பவர்கள் எத்தனை மில்லிகிராம் வைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

மூன்று பங்காளிகளைத் தனித்தனியாக

ஹெமிசெல்லுலோஸ், செல்லுலோஸ், லிக்னின் மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் தன்பாட்டுக்கு உடைகின்றன என்று வைத்து, மூன்றுக்கும் தனித்தனி ஆற்றல், தனித்தனி முன்காரணி, தனித்தனிப் பங்கு. மொத்தம் ஒன்பது எண்கள். குரோன்லி, வார்ஹெகி, டி பிளாசி மூவரும் 2002-இல் பலவகை மரங்களுக்கு இப்படிப் பொருத்தியபோது ஹெமிசெல்லுலோஸுக்கு 100, செல்லுலோஸுக்கு 236, லிக்னினுக்கு 46 கிலோஜூல் வந்தது. மரம் மாறினாலும் இதே மூன்று ஆற்றல்கள் ஓரளவு நன்றாகவே பொருந்தின. மரத்துக்கு மரம் பெரும்பாலும் மாறியது பங்குதான்.

செல்லுலோஸின் 236 நம்பத்தக்க எண். மற்ற பல ஆய்வுகளும் அதை ஒட்டியே சொல்கின்றன. லிக்னினின் 46-ஐ மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எந்த வேதிப்பிணைப்பும் அவ்வளவு லேசாக அறுவதில்லை. மேலே சொன்ன அகல விதிதான் இங்கேயும். லிக்னின் நூறு விதமான பிணைப்புகளை நூறு வெப்பநிலைகளில் உடைத்துக்கொண்டு போகிறது. அந்த நீண்ட வாலை ஒரே வினையாக அடக்கினால் ஆற்றல் 46-க்குத்தான் இறங்கும். வேகம் மாறினால் அந்தப் பகுதி முதலில் பிசகும்.

ஆனாலும் மாமாவின் முதல் கேள்விக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. புகை இரண்டு அலையாக வரும், முதல் அலையில் ஹெமிசெல்லுலோஸிலிருந்து அசிட்டிக் அமிலமும் நீராவியும் அதிகம், எரியும் சரக்கு குறைவு, இரண்டாம் அலையில்தான் பர்னர் நன்றாகப் பிடிக்கும் என்பதெல்லாம் மூன்று பங்காளிக் கணக்கில்தான் தெரியும். ஒற்றை வினையில் எல்லாம் ஒரே குவியலாகிவிடும். பர்னரை எந்த அளவில் போடுவது என்பது அந்த இரண்டாம் அலையின் உயரத்தைப் பொறுத்தது.

ஒரு எச்சரிக்கை. தொட்டியில் நார் ஒட்டியிருந்தால் கோடு நகரும். தேங்காய் நாரில் பொட்டாசியம் அதிகம். பொட்டாசியம் செல்லுலோஸைக் குறைந்த சூட்டிலேயே உடைத்து, கரியையும் கொஞ்சம் கூட்டிவிடும். எங்கள் களத்தில் அவசரமாக உரித்த காய்களின் தொட்டியில் குடுமிப் பக்கம் ஒரு கைப்பிடி நார் நின்றுவிடுவது உண்டு. சோதனைக்கு அனுப்பும்போது மழமழவென்று சுரண்டிய தொட்டியை அனுப்பிவிட்டு, டிரம்மில் நாரோடு போடுவது இரண்டு வேறு சரக்குகளை ஒப்பிடுவதாகும். பக்கத்து ரைஸ் மில் உமியையும் இதே எண்களில் ஓட்டலாமா என்று மாமா கேட்டார். முடியாது. உமியில் 15, 20 சதவீதம் சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. அதற்குப் புதிதாக ஓட்டம் எடுத்தே ஆக வேண்டும்.

பரவிய ஆற்றல்

லிக்னின் வாலுக்கு நேரான மருந்து இது. ஒரே ஆற்றல் என்று சொல்லாமல், ஒரு நடு எண்ணைச் சுற்றிப் பரவியிருக்கும் எண்ணற்ற இணை வினைகள் என்று வைப்பது. வாண்ட் 1943-லும் பிட் 1962-லும் தொடங்கியதை, 1970-களில் ஆண்டனியும் ஹோவர்டும் நிலக்கரிக்கு நன்றாக வளர்த்தார்கள். வேகம் மாறினாலும் நம்பி நீட்டலாம். இரட்டைத் தொகையீடு வருவதால் எக்செல்லில் வேலைக்காகாது, பைத்தான் எழுதத் தெரிந்தவர் வேண்டும். நான் செல்லுலோஸையும் ஹெமிசெல்லுலோஸையும் சாதாரண வினைகளாகவே விட்டுவிட்டு, லிக்னினுக்கு மட்டும் இதைப் போட்டேன். அந்த அளவுக்கு மேல் நம் டிரம்முக்குத் தேவையில்லை.

கரி எவ்வளவு நிற்கும்?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மேலே சொன்ன எல்லாக் கணக்கிலும் கரியின் அளவு நாம் டிஜிஏ-விலிருந்து எடுத்துக் கொடுத்த எண். மெல்லச் சுட்டாலும் வேகமாகச் சுட்டாலும் அந்த எண் அப்படியே இருக்கும். ஆனால் மெல்லச் சுட்டால் கரி கூடும் என்பது கரி சுடுகிற எவருக்கும் தெரியும். அந்த அனுபவத்தைக் கணக்குக்குள் கொண்டுவர, ஒரே பொருள் இரண்டு வழியில் போட்டியிட்டு உடைவதாகச் சொல்ல வேண்டும். பிராட்பரி, சகாய், ஷஃபிசாதே மூவரும் 1979-இல் செல்லுலோஸுக்குச் சொன்னது இதைத்தான்: செல்லுலோஸ் முதலில் ஒரு கிளர்வு நிலைக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு வழி ஆவிகளுக்கு, இன்னொரு வழி கரிக்கும் வாயுவுக்கும். ஆவி வழிக்கு ஆற்றல் சுமார் 198 கிலோஜூல், கரி வழிக்குச் சுமார் 151.

அந்த 47 கிலோஜூல் வித்தியாசத்தில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. ஆற்றல் குறைந்த வழி குறைந்த சூட்டில் முந்தும். 250 டிகிரியிலிருந்து 400-க்குப் போகும்போது, ஆவி வழியோடு ஒப்பிட்டால் கரி வழியின் பங்கு சுமார் பதினொரு மடங்கு குறைந்துவிடும். மாமாவின் பாஷையில் சொன்னால், தீயை அவசரமாகத் தூக்கினால் கரியாக வேண்டியது புகையாகப் போய்விடும். இந்த அளவீடுகள் 259 முதல் 341 டிகிரி வரை, குறைந்த அழுத்தத்தில் தூய செல்லுலோஸில் எடுத்தவை. தொட்டிக்கு எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது, வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம்.

இதோடும் முடியவில்லை. டிஜிஏ-வில் நைட்ரஜன் ஓடி ஆவியை உடனுக்குடன் துடைத்துக்கொண்டு போகிறது. டிரம்மில் மூடி போட்டிருக்கிறோம், ஆவி தொட்டிகளுக்கு இடையிலேயே சுற்றுகிறது. சூடான கரியின்மேல் பட்ட தார் ஆவி மறுபடி உடைந்து கொஞ்சம் கரியாகவும் படியும். சோதனைக்கூடத்திலேயே திறந்த கிண்ணத்துக்கும் ஊசித்துளை போட்ட மூடிய கிண்ணத்துக்கும் செல்லுலோஸின் கரி அளவு வேறாக வருவது இதனால்தான். ஆகவே தாரின் இரண்டாம் கட்டச் சிதைவையும் ஒரு வினையாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஷஃபிசாதேயும் சின்னும் 1977-இல் மரத்துக்குப் போட்ட திட்டம், அதாவது மரத்திலிருந்து வாயு, தார், கரி என்று மூன்று வழி, அப்புறம் தார் மறுபடி உடைவது, இதற்கு நல்ல தொடக்கம்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. மிலானில் ரான்சி குழு 2008-இல் வெளியிட்ட விரிவான வினைத்திட்டம். லிக்னினையே மூன்று வகையாகப் பிரித்து, லெவோகுளுக்கோசான் முதல் பீனால் வகைகள் வரை எது எவ்வளவு வரும் என்று சொல்லும். தாரை விற்க நினைப்பவருக்கு அது தேவை. நாங்கள் புகையை எரிக்கப் போகிறோம், அதனால் விட்டுவிட்டேன்.

தொட்டியின் சூடும் குவியலின் சூடும்

வினைவேகத்தில் மூழ்கியிருந்தபோது நான் தாமதமாகக் கவனித்த விஷயம் இது. தொட்டி நான்கு மில்லிமீட்டர் தடிமன் என்றால், இரண்டு பக்கமும் சூடேறும்போது வெப்பம் போக வேண்டிய ஆழம் இரண்டு மில்லிமீட்டர். அதற்கு நாற்பது வினாடி அளவு போதும். ஒரு தொட்டியை மட்டும் பார்த்தால் டிஜிஏ தூளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் 210 லிட்டர் டிரம்மின் ஓரத்திலிருந்து நடுவுக்கு 29 சென்டிமீட்டர். கடத்தல் நேரம் தூரத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், இது சுமார் 21,000 மடங்கு. வெறும் கடத்தலை நம்பினால் நாள்கணக்காகும். நல்லவேளையாகச் சூடான புகையே ஊடே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து போகிறது, அதனால் மணிக்கணக்கில் முடிகிறது. புகை எந்த வழியாக நகர்கிறது என்பதுதான் நடுவின் விதியைத் தீர்மானிக்கிறது. 250-இல் தேங்கும் இடம் என்று மேலே சொன்னது கற்பனை இல்லை, புகை ஓடாத மூலைதான் அது.

ஈரமும் இதில் சேரும். நூறு கிலோ தொட்டியில் பத்து கிலோ தண்ணீர் இருந்தால், அதை ஆவியாக்க மட்டுமே 22 மெகாஜூலுக்கு மேல் போய்விடும். அது தீரும்வரை டிரம்மின் நடு நூறு டிகிரியைத் தாண்டாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு மழை அடிக்கும் ஆடியில் சுடுவதும், மாசியில் களத்தில் காய்ந்த தொட்டியைச் சுடுவதும் கணக்கில் இரண்டு வேறு தொடக்கங்கள்.

என் தேர்வு

நான்கு வேகங்களில் டிஜிஏ ஓட்டம், நாரோடு அரைத்த தூளில். ஃப்ரீட்மன் முறையில் ஆற்றலைப் பார்த்து, பொருத்திய எண்கள் அதோடு ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பு. பர்னருக்கும் நேரத்துக்கும் மூன்று பங்காளிக் கணக்கு, லிக்னினுக்குப் பரவிய ஆற்றல். கரி அளவுக்குப் போட்டி வழித் திட்டம், அதன் கரி எண்ணை டிஜிஏ-வை வைத்துத் திருத்தாமல் டிரம்மில் எடைபோட்டுத் திருத்துவது. இவை இரண்டையும் டிரம்மை ஓரம், இடை, நடு என்று மூன்று வளையமாகப் பிரித்த ஒரு வெப்பக் கணக்குக்குள் வைத்திருக்கிறேன். ஒற்றை வினையை நான் வைத்திருப்பது ஒரே காரியத்துக்கு: கணினிக் கணக்கு தாறுமாறாக ஓடுகிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிட.

கையில் பணமும் நேரமும் ஒரு ஓட்டத்துக்குத்தான் இருக்கிறது என்பவர்களுக்கு என் யோசனை, அந்த ஒரு ஓட்டத்தில் ஆற்றலைத் தேடாதீர்கள். மரத்துக்கு வந்த 100-ஐயும் 236-ஐயும் அப்படியே பிடித்துக்கொண்டு, முன்காரணியையும் பங்குகளையும் மட்டும் உங்கள் கோட்டுக்குப் பொருத்துங்கள். நாமே ஒரே ஓட்டத்தில் கண்டுபிடிக்கும் ஆற்றலைவிட அது பத்திரமானது.

அடுத்த சுடலுக்கு மூன்று தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கும் கம்பி) இறக்குகிறோம். நடுவில் இருப்பது எத்தனை மணிக்கு 300-ஐத் தொடும், புகையின் இரண்டாம் அலை எப்போது வரும், கரி எத்தனை கிலோ நிற்கும் என்று கணக்கு சொன்ன மூன்று எண்களையும் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி மாமாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் அதை மடித்துக் களத்துத் தராசுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்தி வைத்திருக்கிறார்.